இறால் ஆற்றின் நாட்டில் பன்னிரண்டு நாள்

முதல் நாள்: டுவாலா

ஒரு வாரமாகக் கேமரூனில்தான் இருக்கிறேன். ஆனால் கிடங்கு, சைட், ஓட்டல் அறை தவிர எதையும் பார்க்கவில்லை. கோவையிலிருந்து வந்த பம்ப்செட்களை இறக்கி, ஓட்டிக் காட்டி, இங்குள்ள மெக்கானிக்குகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை நேற்று முடிந்தது. இன்று முதல் பன்னிரண்டு நாள் என் சொந்த நாட்கள். முடிந்தவரை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

டுவாலா இந்த நாட்டின் பெரிய ஊர். 30 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். தலைநகர் யாவுண்டே என்றாலும் பணம் புரள்வது இங்கேதான். வூரி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் துறைமுகம். மண்டிகள், வங்கிகள், லாரிகள், சேறு, இடைவிடாத ஹாரன். சாட் நாட்டுக்கும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கும் கடற்கரை கிடையாது என்பதால் அவர்களுடைய சரக்கும் இங்கே இறங்கித்தான் உள்ளே போகிறது.

1472-இல் போர்ச்சுக்கீசியர் இந்த ஆற்றுக்குள் வந்தபோது தண்ணீர் முழுக்க இறால் கூட்டமாக இருந்ததாம். இறால் ஆறு என்று பேர் வைத்தார்கள். கமரோயிஷ் என்றால் அவர்கள் மொழியில் இறால். அதுதான் தேய்ந்து நாட்டுக்கே பெயராகிவிட்டது. அவர்கள் பார்த்தது சரியான இறால்கூட இல்லை, சேற்றில் வளை தோண்டி வாழும் வேறொரு ஜீவன், சில ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மேலே வரும் என்கிறார்கள். மதியம் கடையில் இறால் கேட்டேன். இல்லை. வறுத்த மீனும் மியோந்தோவும் கொடுத்தார்கள். மியோந்தோ என்பது மரவள்ளிக்கிழங்கை ஊறவைத்து அரைத்து, இலையில் விரல் தடிமனுக்குச் சுற்றி அவித்தது. லேசான புளிப்பு. இரண்டாம் நாளே பழகிவிடும்.

என்னுடன் கிடங்கில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஊர் சுற்றிக் காட்டினார். என்னைத் 'தோந்தோன்' என்றுதான் கூப்பிடுவார். மாமா என்று அர்த்தம். தலையில் நரை இருந்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் தோந்தோன்தான். டேக்சி பிடிப்பதை அவரிடம்தான் கற்றேன். மஞ்சள் டேக்சி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும், நிற்காது. சன்னலுக்குள் 'அக்வா, முந்நூறு' என்று இடத்தையும் காசையும் சேர்த்துக் கத்த வேண்டும். டிரைவருக்குச் சம்மதம் என்றால் ஒரு ஹாரன். ஏறிக்கொள்ளலாம். இல்லை என்றால் முகத்தைக்கூடத் திருப்பாமல் போய்விடுவார். பேரமெல்லாம் ஒரு நொடியில் முடிந்தது! ஆயிரம் பிராங்க் நம் காசுக்கு ஏறக்குறைய 150 ரூபாய்.

என் கண் போனதென்னவோ தண்ணீர்க் குழாய்களுக்குத்தான். தொழில் புத்தி. வசதியான வீட்டு மதில் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் போர் போட்டிருக்கிறார் (இங்கே அதற்கு ஃபொராஜ் என்று பேர்), தெருவுக்கு ஒரு குழாய் விட்டிருக்கிறார். மாலையில் மஞ்சள் கேன்களோடு பிள்ளைகள் வரிசை. ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. கோவையின் மழையைப் போல ஐந்து மடங்கு. அங்கே நாம் குடத்தோடு நிற்கிறோம், இங்கே அவர்கள் கேனோடு நிற்கிறார்கள். 'என்ன இது?' என்று இளைஞரிடம் கேட்டேன். 'ஓன் வா ஃபேர் கோமோன்?' என்றார். என்ன பண்றது என்பதற்கு நேர் பிரெஞ்சு. இந்த நாட்டின் தேசிய கீதமே இதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் நாள்: லிம்பே, டெபுண்ட்சா

இன்று ஞாயிறு. வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் பின்னால்.

டுவாலாவிலிருந்து மேற்கே லிம்பே 70 கிலோமீட்டர். வூரி பாலத்தைத் தாண்டியதும் பொனபேரி, அப்புறம் வழி முழுக்க வாழை, எண்ணெய்ப்பனை, ரப்பர். ஜெர்மன்காரர்கள் காலத்தில் தொடங்கிய தோட்டங்கள். 1884-இல் டுவாலா அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தவர்கள், எரிமலை மண்ணைப் பார்த்ததும் விடவில்லை. முதல் உலகப்போரில் தோற்ற பிறகு நாட்டைப் பிரான்சும் பிரிட்டனும் பங்கு போட்டுக்கொண்டன. பெரும்பங்கு பிரான்சுக்கு. இந்த மேற்கு ஓரம் பிரிட்டனுக்கு. பாதி வழியில் பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்துக்கு மாறுவது அதனால்தான்.

லிம்பே 1858-இல் ஆல்ஃப்ரெட் சேக்கர் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார் நிறுவிய ஊர். அப்போது விக்டோரியா என்று பேர், 1982-இல்தான் லிம்பே ஆனது. கடற்கரை மணல் கறுப்பு. எரிமலைக் கல் பொடிந்த மணல், நடந்தால் செருப்பில்லாமல் கால் சுடுகிறது. 1892-இல் ஜெர்மன்காரர்கள் அமைத்த தாவரத் தோட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

நான் பார்க்க வந்தது டெபுண்ட்சா. லிம்பேயிலிருந்து கரையோரமாக மேற்கே போக வேண்டும். உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல். மூன்று மாடி வீடு மூழ்கும் அளவு. காரணம் கண்ணெதிரே நிற்கிறது. கினி வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வருகிறது, கடற்கரையை ஒட்டியே 4,000 மீட்டருக்குமேல் கேமரூன் மலை எழுகிறது, காற்றுக்கு ஒதுங்க இடமில்லை, மேலே ஏறிக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. வால்பாறையில் கொட்டிவிட்டு நமக்கு வெறும் காற்றை அனுப்பும் அதே கதைதான். அங்கே மலைக்கு மழை மறைவில் நாம், இங்கே மழை முகத்தில் இவர்கள்.

உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றில் நான் நின்ற ஒரு மணி நேரமும் ஒரு சொட்டு விழவில்லை. டிசம்பர்! மலையும் மூட்டத்துக்குள். குடையை விரிக்காமலே திரும்பினேன்.

வழியில் பக்கிங்கிலி அருகே 1999-இல் இறங்கிய எரிமலைக் குழம்பு கறுப்பாக உறைந்து கிடக்கிறது. சாலையை வெட்டிவிட்டு, கடலைத் தொடச் சில நூறு மீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டதாம். மேலே செடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. கல்லை எடுத்துப் பார்த்தேன். பார்க்கும் அளவுக்குக் கனம் இல்லை, முழுக்க ஓட்டை. இந்த ஓட்டைதான் விஷயம். இவ்வளவு மழை பெய்தும் மலையின் மேல்பகுதியில் ஓடைகள் அரிது, தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. மலையேறுகிறவர்கள் குடிதண்ணீரைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

திரும்பும்போது மலைச்சரிவில் இருக்கும் புவேயா. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், ஊட்டி வாடை. டுவாலாவின் புழுக்கம் தாங்காமல் ஜெர்மன் ஆளுநர் தலைநகரையே இங்கே மாற்றினார். தேநீர் குடித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம்.

ஏன் ஞாயிறு என்றால், இந்த ஆங்கிலப் பகுதியில் திங்கட்கிழமை கடையடைப்பு. பிரெஞ்சு மொழி நீதிபதிகளையும் ஆசிரியர்களையும் தங்கள் பகுதியில் திணிக்கிறார்கள் என்று 2016-இல் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கினார்கள். அது துப்பாக்கியாக மாறி இன்னும் ஓயவில்லை. பிரிவினைவாதிகள் விதித்த திங்கள் அடைப்பு தொடர்கிறது. வழியில் நான்கு இடத்தில் அடையாள அட்டை காட்டினோம். அதுவரை வாய் ஓயாமல் பேசிய இளைஞர் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஊமையானார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள்: எடேயா வழியாக யாவுண்டே

பேருந்து. 240 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் நான்கு பேர், மடியில் என் பை, காலடியில் யாருடையதோ கோழி.

எடேயாவில் சனாகா ஆற்றைக் கடந்தோம். நாட்டின் நீளமான ஆறு, நாட்டின் கால்பங்கு நிலத்துக்கு மேல் இதில்தான் வடிகிறது. 1950-களில் இங்கே அணைகட்டி மின்சாரம் எடுத்து, அதை நம்பி ஓர் அலுமினிய உருக்காலை வைத்தார்கள். அலுமினியத்துக்கு வேண்டிய மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. இதே நாட்டின் அடமாவா மேட்டுநிலத்தில் மலைமலையாக பாக்சைட் கிடக்கிறது, 1950-களிலிருந்தே தெரியும். மின்சாரம் இங்கே, மண் அங்கே.

இரவு ஏழரைக்கு யாவுண்டே அறையில் கரண்ட் போனது. டெலெஸ்தாஜ் என்றார் வரவேற்பில் இருந்த அம்மா, மெழுகுவர்த்தியைக் கொடுத்தபடி. லோடு ஷெட்டிங். அப்புறம் அதே வசனம்: ஓன் வா ஃபேர் கோமோன்.

நான்காம் நாள்: யாவுண்டே

டுவாலாக்காரர்கள் யாவுண்டேயை 'ஃபைல் தூக்குகிறவர்களின் ஊர்' என்று கிண்டல் செய்வதாக இளைஞர் சொல்லி அனுப்பியிருந்தார். இருக்கலாம். ஆனால் எனக்கு இந்த ஊர் பிடித்தது. 750 மீட்டர் உயரம், ஏழு குன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். நான் ஏறி இறங்கியதில் பதினேழு இருக்கும். டுவாலாவில் ஒட்டிய சட்டை இங்கே உடம்பிலிருந்து பிரிகிறது. 1880-களின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் காட்டுக்குள் யானைத் தந்தத்துக்காகப் போட்ட ஒரு முகாம்தான் தொடக்கம். எவோந்தோ என்ற இனத்தின் பெயர் அவர்கள் வாயில் யாவுண்டே ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் 1920-களில் தலைநகராக்கினார்கள்.

மறு இணைப்பு நினைவுச்சின்னத்துக்குப் போனேன். இரண்டு பாம்புகள் சுருண்டு சுருண்டு ஏறி உச்சியில் ஒன்றாகும் கோபுரம். பிரெஞ்சுப் பகுதி 1960 ஜனவரி 1-இல் சுதந்திரம் பெற்றது. பிரிட்டிஷ் பகுதியில் 1961-இல் வாக்கெடுப்பு நடந்து, தெற்குப் பாதி கேமரூனோடும் வடக்குப் பாதி நைஜீரியாவோடும் சேர்ந்தன. அந்தச் சேர்க்கையைக் கொண்டாடும் கோபுரம். இரண்டு நாள் முன்பு பார்த்த சோதனைச் சாவடிகளை நினைத்துக்கொண்டே ஏறி இறங்கினேன்.

மொகோலோ சந்தையில் ந்தோலே சாப்பிட்டேன். கசப்புக் கீரையைப் பலமுறை கசக்கிப் பிழிந்து, நிலக்கடலை அரைத்து விட்டுக் காய்ச்சியது. கீரை மசியலும் வேர்க்கடலைச் சட்னியும் கல்யாணம் பண்ணிக்கொண்டதுபோல. பக்கத்துக் கடையில் கோக்கி: தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெய் கலந்து வாழையிலையில் கட்டி அவித்தது. நம் ஊர்ப் பாட்டி பார்த்தால் 'பருப்பு உருண்டைக்கு ஏன் சாயம் போட்டீங்க' என்று கேட்டிருப்பார்.

மாலை ஏழு மணிக்கு ரயில்.

ஐந்தாம் நாள்: ஙாவுண்டேரே

ங-வில் தொடங்கும் சொல் ஒன்று சொல் என்று பள்ளியில் கேட்டால் முழிப்போம். இனி என் மகளுக்குப் பதில் இருக்கிறது.

யாவுண்டேயிலிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஒற்றை ரயில் பாதை இது. 1974-இல் முடித்தார்கள். இதற்குமேல் வடக்கே தண்டவாளம் இல்லை. இரவு முழுக்கக் காடு. எங்கே நின்றாலும் இருட்டிலிருந்து தலையில் தட்டும் தட்டின்மேல் விளக்குமாகப் பெண்கள் ஓடிவருகிறார்கள். வாழைக்காய்ச் சுட்டது, மரவள்ளிக் குச்சி, அவித்த முட்டை. பெலாபோவில் நள்ளிரவு. அங்கே தூங்கியவன் விடியலில் கண்ணைத் திறந்தால் காடு காணாமல் போயிருந்தது. இடுப்பளவு காய்ந்த புல், அங்கங்கே குட்டை மரம், திமில் வைத்த மாடுகள். யாரோ இரவில் நாட்டையே மாற்றி வைத்துவிட்டதுபோல. ஆடைகூட மாறிவிட்டது, ஆண்கள் நீண்ட அங்கி, தலையில் குல்லாய். ஸ்டேஷனில் விற்றது மரவள்ளி இல்லை, பாட்டிலில் தேன்.

ஊர் 1,100 மீட்டருக்குமேல். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கினேன். ஊருக்கு அருகே ஒரு குன்றின் உச்சியில் பாறை ஒன்று குமிழ்போல் உட்கார்ந்திருக்கிறது. ம்பூம் மக்களின் மொழியில் ஙாவுண்டேரே என்றால் தொப்புள் மலை. அப்புறம் ஃபுலானிகள் குதிரையில் வந்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய அரசர் லாமிதோ. அவருடைய அரண்மனையின் கூம்புக் கூரைகள் கோரைப்புல்லால் வேய்ந்தவை, உள்ளே நுழைந்ததும் வெயில் முழுதாக நின்றுவிடுகிறது. ஐம்பது வயதுக் காவலாளி செருப்பைக் கழற்றச் சொன்னார். அதற்குள் நானே கழற்றியிருந்தேன்.

ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. பள்ளி வரைபடத்தில் கேமரூனைப் பார்த்தால் வடக்கே ஒடுங்கி, தெற்கே பரந்த ஒரு முக்கோணம். அதன் இடுப்பில் குறுக்கே கிடக்கிறது அடமாவா மேட்டுநிலம். இதை 'தண்ணீர்த் தொட்டி' என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி மாதிரிதான், ஆனால் நான்கு பக்கமும் குழாய். இங்கே பெய்யும் மழை சனாகாவில் இறங்கித் தெற்கே அட்லாண்டிக்குக்குப் போகிறது. வடக்குச் சரிவில் பெனுவே ஆறு பிறந்து நைஜீரியாவுக்குள் போய் நைஜர் ஆற்றில் சேர்கிறது. கிழக்கே கடேய் ஆறு சங்கா வழியாகக் காங்கோவுக்கு. நான்காவது லோகோன், சாட் ஏரிக்கு. சாட் ஏரிக்குக் கடல் தொடர்பே கிடையாது. அங்கே போன தண்ணீர் வெயிலில் ஆவியாக வேண்டியதுதான்.

இதில் ஒரு விசித்திரம்: இங்கே வீனா என்று இரண்டு ஆறுகள். வடக்கு வீனா சாட் ஏரிக்குப் போகிறது, தெற்கு வீனா சனாகாவில் சேர்ந்து கடலுக்கு. ஒரே பெயர், ஒரே மேடு. ஒரு மேகம் இரண்டு அடி தள்ளிக் கொட்டினால் ஒரு சொட்டு பாலைவன ஓரத்துக்கும் பக்கத்துச் சொட்டு எடேயாவின் டர்பைனுக்கும் போகும்.

மதியம் ஒரு பெண்ட்ஸ்கின்காரரைப் பேசினேன் (மோட்டார் சைக்கிள் டேக்சிக்கு இந்தப் பெயர்). தண்ணீர் பிரியும் இடத்தைக் காட்டு என்று என் கால் கிலோ பிரெஞ்சில் விளக்கினேன். அவர் தலையாட்டி, தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி, டிசோன் என்ற எரிமலைவாய் ஏரியில் நிறுத்தினார். வட்டமான பச்சைத் தண்ணீர், உள்ளே வரும் ஆறும் இல்லை, வெளியே போகும் ஆறும் இல்லை. நான்கு திசைக்கும் போகும் தண்ணீரைக் கேட்டவனுக்கு எங்கும் போகாத தண்ணீரைக் காட்டினார். சரி என்று கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாங்கி வந்த கிலிச்சியைத் தின்றேன். மிளகாயும் கடலையும் பூசிக் காயவைத்த மாட்டிறைச்சி, காகிதம் மாதிரி மெல்லிசு. நம் ஊர் உப்புக்கண்டத்தின் பணக்காரத் தம்பி.

ஆறாம் நாள்: லாக்தோ, காருவா

மேட்டுநிலம் வடக்கே சட்டென்று முடிகிறது. பேருந்து வளைந்து வளைந்து இறங்கியதும் ஸ்வெட்டர் பைக்குள், சட்டைப் பொத்தான் திறப்பு. மேலே பனி, கீழே கருகல். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் யாரும் போவதில்லை, ஆள் கடத்தல் பயம். அதனால் வண்டி விடியற்காலையே கிளம்பியது.

ங்கோங்கில் இறங்கி லாக்தோ அணைக்குத் திரும்பினேன். பெனுவேயின் குறுக்கே சீன உதவியோடு கட்டி 1982-இல் முடித்தது, 72 மெகாவாட். ஏரி கடல் மாதிரி கிடக்கிறது, கரையில் மீன் காய்கிறது. இந்த அணையின் பெயரைக் கேமரூனைவிட நைஜீரியாவில்தான் அதிகம் சொல்வார்கள். இங்கே நிரம்பித் திறந்துவிட்டால் கீழே அவர்களுடைய ஊர்கள் முழுகும். 2012 வெள்ளத்தில் நைஜீரியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்ததில் இதன் பங்கும் இருந்தது. இந்த வெள்ளத்தைத் தாங்க நைஜீரியா தன் பக்கம் ஓர் அணை கட்ட வேண்டும் என்று லாக்தோ கட்டும்போதே பேச்சு. கட்டி முடியவில்லை. காவிரித் தண்ணீரைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் செய்தி படித்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. என்ன, அங்கே விடு என்கிறோம், இங்கே விடாதே என்கிறார்கள்.

அங்கிருந்து காருவா போகும் வழியில்தான் இந்தப் பயணத்திலேயே என்னை வண்டியை நிறுத்தச் சொல்ல வைத்த காட்சி. வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம். அதில் சோளம் நிற்கிறது, மழை நின்று இரண்டு மாதம் ஆகியும். இறங்கிப் பார்த்தேன். கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை, பம்பும் இல்லை. முஸ்குவாரி என்று பேராம். மழைக்கால முடிவில் நாற்றங்கால் விட்டு, நெல் மாதிரி பிடுங்கி, ஒரு கடப்பாரைக் கம்பால் ஆழக் குழி குத்தி, குழியில் தண்ணீர் விட்டு நடுகிறார்கள். அவ்வளவுதான் பாசனம். அதற்குமேல் கரிசல் குடித்து வைத்திருக்கும் ஈரத்தில் தானாகவே வளர்ந்து பிப்ரவரியில் அறுவடை. ஒரு வயலில் நின்ற பெரியவர் ஒரு செடியின் அடியில் விரலால் தோண்டி, உள்ளே இருந்த ஈர மண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது. என் தாத்தா சோளம் விதைத்தவர். மானாவாரிச் சோளம் தெரியும், நாற்று நட்ட சோளம் இதுவரை பார்த்ததில்லை. பம்ப் விற்க வந்தவனுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

காருவா, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் அகமது அகிஜோவின் ஊர். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே ஒரு ஆற்றுத் துறைமுகம் இருக்கிறது. ஆனால் ஆற்றில் தண்ணீர் இருந்தால்தான் துறைமுகம். இப்போது மணல் திட்டு, அதில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். எந்த அணியைப் பார்த்தாலும் யாரோ ஒருவர் சட்டை முதுகில் 'மில்லா' என்று பெயர். 1990 கால்பந்து உலகக் கோப்பையில் 38 வயதில் கோல் அடித்துவிட்டு மூலைக் கொடிக்கம்பத்தருகே நடனமாடிய ரோஜெர் மில்லாதான். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களே அப்போது சின்னப் பையன்களாக இருந்திருப்பார்கள்.

இன்னும் வடக்கே மாருவா, மந்தாரா மலைகள், சாட் ஏரி. போகவில்லை. போக்கோ ஹராம் தாக்குதல் தொடரும் பகுதி, போகாதே என்று ஓட்டல்காரர், பேருந்துக்காரர், சோளக்காட்டுப் பெரியவர் மூவரும் சொன்னார்கள். 1960-களில் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி பிறகு பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. ஙாவுண்டேரேயில் பிரிந்த நான்கு குழாய்களில் அந்த ஒன்றின் முடிவை மட்டும் பார்க்க முடியாமல் திரும்புகிறேன்.

ஏழு, எட்டாம் நாட்கள்

திரும்பும் பேருந்து, பஞ்சர், திரும்பும் ரயில். யாவுண்டேயில் குளித்துத் தூங்கினேன். எழுத ஒன்றுமில்லை. பஞ்சர் போட்டவர் சக்கரத்தைக் கழற்றும்போது 'அஷியா' என்றார் என்னிடம். கஷ்டப்படுகிறவரைப் பார்த்தால் இங்கே எல்லோரும் சொல்லும் சொல். 'பாவம், பொறுத்துக்கோ' என்பது போல. வெயிலில் சக்கரம் கழற்றுகிறவர் அவர், நிழலில் நின்றவன் நான். நானும் திருப்பிச் சொன்னேன், அஷியா.

ஒன்பதாம் நாள்: ஃபும்பான்

டுவாலாவிலிருந்து இளைஞர் பஃபூசாம் வந்து சேர்ந்துகொண்டார், அவருடைய சொந்தப் பகுதி. இந்த மேற்கு மலைநாடு பாமிலேகே மக்களுடையது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குறுநில மன்னர், மூங்கில் வேலைப்பாட்டோடு உயரக் கூரை. வியாபாரத்தில் நம் ஊர் நாடார், செட்டியார் மாதிரி என்று சொன்னதும் இளைஞருக்கு ஒரே பெருமை. எரிமலை மண் சும்மா இல்லை, ஃபும்போட் சந்தையில் தக்காளிக் கூடைகள் லாரி லாரியாக ஏறுகின்றன.

ஃபும்போட்டிலேயே பாமூன் நாடு தொடங்கிவிடுகிறது, தலைநகர் ஃபும்பான். இங்கே ஆண்ட இப்ராகிம் ஞோயா என்ற மன்னர் ஒருநாள் கனவு கண்டாராம். பலகையில் ஒரு கையை வரை, கழுவு, கழுவிய தண்ணீரைக் குடி என்று கனவில் ஒருவர் சொன்னார். மன்னர் அப்படியே செய்தார். பிறகு மக்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பொருளை வரைந்து கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்து எழுத்து உண்டாக்கினார். 1896 வாக்கில் தொடங்கியபோது 500-க்கு மேற்பட்ட படக்குறிகள். திருத்தித் திருத்திக் கடைசியில் 80 எழுத்து, ஒலிக்கு ஒன்று. பள்ளிக்கூடம் வைத்தார், வரலாறும் மருத்துவமும் எழுத வைத்தார், 1912-இல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து தன் நாட்டை அளந்து வரைபடமும் போட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிகளை மூடினார்கள். 1931-இல் யாவுண்டேக்கு நாடுகடத்தினார்கள். இரண்டு ஆண்டில் அங்கேயே இறந்தார்.

கல்வெட்டிலும் ஓலையிலும் நம் எழுத்து ஆயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்ல உருமாறியதைப் படித்திருக்கிறோம். இங்கே அந்தப் பயணம் முழுவதையும் ஒரே மனிதர் ஒரே வாழ்நாளில் நடந்திருக்கிறார், சுவடிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதல் வரிசையில் மீன் மீனாகவே இருக்கிறது. கடைசி வரிசையில் இரண்டு கோடு. அரண்மனையும் அவர் கட்டியதுதான். பக்கத்தில் புதிய அருங்காட்சியகம், கட்டிடமே இரண்டு தலைப் பாம்பு வடிவம். முன்னோர் ஒருவர் ஒரே நேரத்தில் இரு பக்கம் போரிட்டு வென்றதற்கு அடையாளம்.

வெளியே ஒரு கடையில் என் மகள் பெயரைப் பாமூன் எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். மூன்று எழுத்து. 'ழ' இருக்கிறதே, அதற்கு எழுத்து இல்லை என்று சிரித்துவிட்டு 'ல' போட்டுக் கொடுத்தார். யாழினி இனி இங்கே யாலினி.

பத்தாம் நாள்

பஃபூசாமிலிருந்து டுவாலா. வழியில் ங்கோங்சாம்பா, காப்பித் தோட்டங்கள். பழைய ஸ்டேஷனில் ரயில் வருவதில்லை. டுவாலா வந்ததும் மீண்டும் சட்டை ஒட்டிக்கொண்டது. இளைஞர் வீட்டில் இரவுச் சாப்பாடு. அவருடைய அம்மா எனக்காக மீன் வைத்திருந்தார். இறால் பற்றிக் கேட்டதும், 'தோந்தோன், அதற்கு நீங்கள் க்ரிபிக்கு அல்லவா போக வேண்டும்' என்றார் மகன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பதினொன்று, பன்னிரண்டாம் நாட்கள்: க்ரிபி

எடேயாவில் திரும்பித் தெற்கே. லிம்பேயின் கறுப்பு மணலுக்கு நேர்மாறாக இங்கே வெள்ளை மணல், அலை வரை தென்னை. புதிய ஆழ்கடல் துறைமுகம் 2018-இல் திறந்தது, டுவாலாவில் ஆற்று வண்டலை அள்ளி அள்ளி மாளவில்லை என்பதால். சாட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் வரும் எண்ணெய்க் குழாயும் இந்தக் கடலில்தான் முடிகிறது.

லோபே ஆறு க்ரிபிக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேர்கிறது. சேர்கிறது என்பது தவறு. விழுகிறது. காடு முடியும் இடத்தில் பாறை, பாறைக்குக் கீழே நேரே அட்லாண்டிக். ஆறு அருவியாகவே கடலுக்குள் இறங்குகிறது. மரத்தைக் குடைந்த படகில் ஒருவர் அருகே கூட்டிப் போனார். தண்ணீர் தேநீர் நிறம், காட்டு இலைகளின் சாயம். அருவியின் நுரையும் அலையின் நுரையும் முட்டும் இடத்தில் படகு நிலைகொள்ளாமல் சுற்றியது. கை நீட்டித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு இல்லை. இரண்டு துடுப்புப் போட்டதும் மறுபடி அள்ளினேன். உப்பு. படகுக்காரருக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரியவில்லை, ஆனால் அவரும் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தொழில் புத்தியில் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடப் பார்த்தேன். கணக்கு நடுவிலேயே நின்றுவிட்டது.

கரையில் தகரக் கூரைக் கடை. லோபே ஆற்று இறால் என்று பலகை. பதினொரு நாள் கேட்டது. அடுப்புக்காரப் பெண்மணி பிளந்து, பூண்டும் பச்சை மசாலாவும் தடவி, கரியில் சுட்டுக் கொண்டுவந்தார். தட்டில் நான்கு. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். மியோந்தோ வேண்டுமா என்று கேட்டார். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன், ஒன்று நாளை விமானத்துக்கு.